தேயிலைக்கும் ஜூலை 4க்கும் நடுவில் 1774 எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கச் சுதந்திரத்தின் 250ஆம் ஆண்டையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டுகிறார்கள். அடுத்த பத்தியில் 1775 ஏப்ரல், லெக்சிங்டனில் துப்பாக்கி வெடிக்கிறது. அதற்கடுத்த பத்தியில் 1776 ஜூலை 4, ஃபிலடெல்ஃபியாவில் பிரகடனம். கதை முடிந்தது. நடுவில் 1774 என்று ஒரு வருடம் இருந்ததே, அது எங்கே போனது?

நான் இருப்பது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், வுஸ்டர் கவுன்டியின் ஒரு சின்ன ஊரில். அந்த 1774இன் முக்கியமான பகுதி நடந்தது எங்கள் பக்கத்தில்தான். படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே மேயரும் கிடையாது, நகர்மன்றமும் கிடையாது. வரவு செலவு, வரி, சாலை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் யார் வேண்டுமானாலும் பள்ளி அரங்கில் வந்து உட்காரலாம், பேசலாம், கை தூக்கலாம். பேச வேண்டிய பொருள்களின் பட்டியலை ‘வாரண்ட்’ என்பார்கள். அது முன்கூட்டியே ஒட்டப்பட வேண்டும். கூட்டத்தை நடத்துகிறவர் ‘மாடரேட்டர்’. கை தூக்கியதில் எது அதிகம் என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், வரிசை வரிசையாகப் போய் எண்ணச் சிலரை நியமிப்பார்கள். அதில் நானும் ஒருத்தி. போன வசந்தத்தில் புதுத் தீயணைப்பு வண்டி வாங்குவதா, பழையதையே ரிப்பேர் பார்ப்பதா என்று இரவு பத்தே முக்கால் வரை வாதம். அலுப்பான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த அலுப்பான கூட்டத்துக்குத்தான் 1774இல் லண்டன் பூட்டுப் போடப் பார்த்தது.

உங்கள் கட்டுரை ‘மூன்று பென்ஸ் வரிக்காக ஒரு புரட்சி’ என்று தலைப்பிட்டிருந்தது. வரி ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் என்பது சரி. ஆனால் 1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் புது வரி எதையும் போடவில்லை. அந்த வரி 1767 முதலே இருந்தது. புதுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சரக்கைத் தானே காலனிகளில் விற்க வழி செய்தது. அதனால் விலை குறையத்தான் போகிறது. விலை குறைந்த தேயிலையை ஏன் கொட்டினார்கள்? கட்டுரை அதைக் கேட்கவே இல்லை.

வரிப்பணம் எங்கே போனது என்று பார்த்தால் விளங்கும். மாசச்சூசெட்ஸில் கவர்னரை அரசர் நியமிப்பார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது உள்ளூர்ச் சட்டமன்றம், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு. கவர்னர் எதிலாவது முரண்டு பிடித்தால் சம்பளம் தள்ளிப்போகும். 1728இல் வந்த கவர்னர் பர்னெட், எனக்கு நிரந்தரச் சம்பளம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு மல்லுக்கட்டினார். சட்டமன்றம் அசையவில்லை. மறு வருடம் அவர் காலமாகும்வரை அந்தச் சண்டை தீரவில்லை. ராஜாவின் ஆளை ஊர்க்காரர்கள் அடக்கி வைத்திருந்த கயிறு இதுதான்.

1767ஆம் ஆண்டு டவுன்ஷெண்ட் சட்டம் இந்தக் கயிற்றை அறுக்கத்தான் வந்தது. வசூலாகும் பணத்திலிருந்து நீதிபதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்று அதன் முகவுரையிலேயே எழுதியிருந்தார்கள். 1772இல் அதைச் செய்தும் காட்டினார்கள். கவர்னர் தாமஸ் ஹட்சின்சனுக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் இனி அரசரே சம்பளம் கொடுப்பார் என்று செய்தி வந்தது. அந்த நவம்பரில்தான் சாமுவேல் ஆடம்ஸின் யோசனைப்படி பாஸ்டன் ஊர்க்கூட்டம் கடிதத் தொடர்புக் குழுவை அமைத்து, மற்ற ஊர்களுக்கெல்லாம் எழுதியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் கூடிப் பேசிப் பதில் போட்டன. ஆக, மூன்று பென்ஸ் எவ்வளவு என்பதைவிட, அது யார் கைக்குப் போய் யாரை யாருக்குக் கட்டுப்படாதவராக ஆக்கியது என்பதுதான் சண்டை. இதில் இன்னொரு வேடிக்கை: பாஸ்டனில் அந்தத் தேயிலையை விற்க நியமிக்கப்பட்டவர்களில் ஹட்சின்சனின் இரண்டு மகன்களும் இருந்தார்கள்.

சரி, 1774க்கு வருகிறேன். தேயிலை கொட்டியதற்குத் தண்டனையாகப் பாஸ்டன் துறைமுகத்தை மூடிய சட்டத்தை உங்கள் கட்டுரை ஒரு வரியில் சொல்கிறது. அதைவிடப் பெரிய அடியாக அந்த மே மாதம் வந்த மாசச்சூசெட்ஸ் அரசுச் சட்டத்தைச் சொல்லவே இல்லை. அதுவரை சட்டமன்றம் தேர்ந்தெடுத்துவந்த மேலவையை இனி அரசர் நியமிப்பார். நீதிபதிகளையும் ஷெரிஃப்களையும் கவர்னர் வைக்கலாம், தூக்கலாம். ஜூரிகளை ஊர்கள் தேர்ந்தெடுத்துவந்தன, இனி ஷெரிஃப் பொறுக்குவார். ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறை, தேர்தலுக்கு மட்டும். வேறு கூட்டம் வேண்டுமானால் கவர்னரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அவர் அனுமதித்த விஷயத்தைத் தவிர வேறு எதையும் பேசக்கூடாது.

துறைமுகத்தை மூடியது பாஸ்டன் வியாபாரிகளையும் கூலித் தொழிலாளர்களையும் அடித்தது. இந்தச் சட்டமோ கடலையே பார்த்திராத உள்நாட்டு விவசாயியின் வாசல்வரை வந்துவிட்டது. கடன் வழக்கில் நிலத்தை ஜப்தி செய்யும் நீதிபதி, இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவர் என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்?

ஊர்கள் இதைச் சமாளித்த விதம் இருக்கிறதே, கூட்ட நடைமுறை தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். புதுக் கவர்னராக வந்த ராணுவ ஜெனரல் கேஜ், பாஸ்டன் ஊர் நிர்வாகிகளை ஆகஸ்டில் கூப்பிட்டு, என் அனுமதியில்லாமல் கூட்டம் கூட்டாதீர்கள் என்றார். நாங்கள் எங்கே புதிதாகக் கூட்டப்போகிறோம், சட்டத்துக்கு முன்பே கூட்டிய கூட்டத்தைத்தான் தேதி போட்டுத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று இவர்கள் பதில் சொன்னார்கள். இப்படியே போனால் பத்து வருடம்கூட அந்தக் கூட்டத்தை உயிரோடு வைத்திருப்பீர்களே என்று கேஜ் சொன்னதாக ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறது. அதே மாதம் டான்வர்ஸ் ஊரில் கூட்டம் நடந்தது. கேஜ் தடுக்க வருகிறாரா பார்ப்போம் என்று வேண்டுமென்றே இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்களாம். சேதி கேட்ட கேஜ், ராஜா இன்னும் படை அனுப்பாமல் நான் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று திட்டியிருக்கிறார். பாஸ்டன் வணிகர் ஜான் ஆண்ட்ரூஸ் அந்த நாட்களில் எழுதிய கடிதத்தில் இது வருகிறது.

இனி வுஸ்டர். அங்கே அரசருக்கு விசுவாசமான 52 பேர் ஜூன் மாதம் ஒரு கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். கடிதத் தொடர்புக் குழுக்கள் சட்டவிரோதம், கெட்ட எண்ணக்காரர்களின் வேலை என்பது அதன் சாரம். ஊர் எழுத்தர் கிளார்க் சாண்ட்லர் அதை ஊர்ப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். ஆகஸ்ட் 24 அன்று ஊர்க்கூட்டம் கூடியது. எழுத்தர் எல்லோர் கண்ணெதிரிலும் அந்தப் பதிவை அழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அவர் பேனாவால் வரி வரியாக அடித்தார். அப்படியும் எழுத்து தெரிகிறது என்று, அவர் விரலையே மையில் தோய்த்துப் பக்கத்தின்மேல் இழுக்க வைத்ததாக உள்ளூர் வரலாறு சொல்கிறது. அந்தப் பக்கம் இன்றும் வுஸ்டர் நகரப் பதிவேட்டில் இருக்கிறது. பேனாச் சுழிப்பு வட்டம் வட்டமாக ஓடுகிறது, அதன்மேல் மை ஈஷிய தடம்.

எனக்கு இதில் பெருமையும் உண்டு, சங்கடமும் உண்டு. கை எண்ணுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், தோற்ற பக்கத்தின் எண்ணிக்கையையும் நாங்கள் பதிவேட்டில் எழுதுகிறோம். எழுத வேண்டும். ஒரு ஊரே சேர்ந்து 52 பேரின் எழுத்தை மையால் மூடியதைச் சுதந்திரத்தின் பொன்னேடு என்று என்னால் சொல்ல முடியாது. பார்க்கப்போனால் அந்த அறிக்கை ஏற்கெனவே பாஸ்டன் பத்திரிகையில் வந்துவிட்டது. அழித்து ஒரு பயனும் இல்லை. அவமானப்படுத்துவதுதான் நோக்கம்.

அப்புறம் செப்டம்பர் 6. புதுச் சட்டத்தின்கீழ் வுஸ்டரில் கவுன்டி நீதிமன்றம் திறக்க வேண்டிய நாள். அதைக் காக்கப் படை அனுப்புவதாக இருந்த கேஜ், சில நாள் முன்பு பாஸ்டனை ஒட்டிய வெடிமருந்துக் கிடங்கிலிருந்து மருந்தை எடுக்கப்போய் நாட்டுப்புறம் முழுக்கக் கொதித்ததைப் பார்த்துப் பின்வாங்கிவிட்டார். காலையிலிருந்தே ஊர் ஊராக ஆட்கள் அணிவகுத்து வந்தார்கள். வந்தவர்களில் பிரெக் பார்க்மன் என்பவர் ஒவ்வொரு ஊர் அணியாக எண்ணி வைத்திருக்கிறார்: 37 ஊர்கள், 4,622 பேர். அன்று வுஸ்டர் ஊரின் மொத்த ஜனமே இரண்டாயிரத்துக்குள்தான்.

நீதிமன்றக் கட்டடத்துக்குள் யாரையும் விடவில்லை. நீதிபதிகள் டேனியல் ஹேவுட் என்பவரின் விடுதியில் ஒதுங்கினார்கள். இனி நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அடிதடி இல்லை. ஒவ்வொரு அணியும் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தது. பிரதிநிதிகள் கூடி விடுதிக்குத் தூது அனுப்பினார்கள். நீதிபதிகள் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார்கள். அதை அணிகளிடம் கொண்டுபோய் வாசித்தால், போதாது, அழுத்தமாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி எழுதினார்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் வாசகம் ஒப்புக்கொள்ளப்பட்டது. பிறகு மெயின் தெருவின் இரு பக்கமும் அணிகள் வரிசையாக நின்றன. நடுவே நீதிபதிகள், ஷெரிஃப், வழக்கறிஞர்கள் என்று சுமார் இரண்டு டஜன் பேர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாராளுமன்றத்தின் புதுச் சட்டப்படி நீதிமன்றம் நடத்த மாட்டோம் என்று வாசித்தபடி நடந்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி ஆள்வரை காதில் விழ வேண்டும் என்று முப்பது தடவையாவது வாசிக்க வைத்தார்கள்.

ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு உயிர் போகவில்லை. அன்றோடு வுஸ்டர் கவுன்டியில் ராஜாவின் அதிகாரம் முடிந்தது. மேற்கே கிரேட் பேரிங்டனிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் ஆகஸ்டிலேயே இதுபோல் நீதிமன்றங்களை நிறுத்திவிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் பாஸ்டனில் படை இருந்த இடம் தவிர, மாகாணத்தில் கேஜின் பேச்சைக் கேட்க ஆள் இல்லை. வுஸ்டரில் அது நடந்தது லெக்சிங்டனுக்கு ஏழு மாதம் முன்பு! அதனால்தான் லெக்சிங்டனைப் புரட்சியின் தொடக்கம் என்று எழுதும்போது எனக்கு உறுத்துகிறது. எங்கள் பக்கத்தில் பார்த்தால் அது, கைவிட்டுப் போனதைத் திரும்பப் பிடிக்கக் கேஜ் எடுத்த முயற்சி.

அக்டோபர் 4 அன்று வுஸ்டர் ஊர்க்கூட்டம், மாகாணப் பேரவைக்குப் போகும் தன் பிரதிநிதி டிமோதி பிகலோவுக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்தது. பிகலோ ஒரு கொல்லர். பேரவை கூடும் நாளுக்குள் நம் உரிமைகள் முழுசாகத் திரும்பி வராவிட்டால், பழைய அரசமைப்பு கலைந்து போனதாகவே வைத்துக்கொண்டு, எல்லா அதிகாரிகளும் மக்களின் வாக்கைச் சார்ந்திருக்கும் புது அரசை எழுப்புங்கள் என்பது உத்தரவு. ஃபிலடெல்ஃபியா பிரகடனத்துக்கு 21 மாதம் முன்பு. அப்போது ஃபிலடெல்ஃபியாவில் இருந்த ஆடம்ஸ் சகோதரர்கள் சாமுவேல், ஜான் (இரண்டுவிட்ட முறைதான்) இருவருமே, கொஞ்சம் பொறுங்கள், மற்ற காலனிகள் மிரண்டுவிடும் என்றுதான் ஊருக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைவர்கள் இழுத்தார்கள், ஜனம் பின்னால் வந்தது என்ற உங்கள் கட்டுரையின் தொனிக்கு இது இடிக்கிறது.

டான்வர்ஸ்காரர் லீவை பிரஸ்டன், 1775 ஏப்ரல் 19 சண்டையில் இருந்தவர். வயோதிகத்தில் அவரிடம் ஓர் இளைஞர் போய், முத்திரை வரிக்காகவா சண்டைக்குப் போனீர்கள் என்று கேட்டாராம். முத்திரைத்தாளைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்றாராம். தேயிலை வரியா? அதை ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. பின்னே எதற்கு? எப்போதும் எங்களை நாங்களே ஆண்டுவந்தோம், இனியும் அப்படியே என்றிருந்தோம், அவர்கள் அது கூடாது என்றார்கள் என்றாராம். கேட்ட இளைஞர் அதை அச்சிட்டது பல்லாண்டுகள் கழித்து. ஆகவே சொல்லுக்குச் சொல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் 1774இன் ஊர்ப் பதிவேடுகள் அதே பேச்சைத்தான் பேசுகின்றன.

‘எங்களை நாங்களே’ என்றால் யார் என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் கை தூக்கியவர்கள் கொஞ்சமாவது சொத்து வைத்திருந்த ஆண்கள். நான் அன்று பிறந்திருந்தால் அரங்கின் வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன். வுஸ்டரின் நிலம் பூர்வகுடிகளான நிப்மக் மக்களுடையது. அமெரிக்காவின் முதல் சட்டமன்றம் என்று உங்கள் கட்டுரை பெட்டிச் செய்தியில் போட்ட வர்ஜீனியாப் பேரவை, 1619 ஜூலையில் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் கூடியது. அடுத்த மாதமே அதே வர்ஜீனியாக் கரையில் ஆப்பிரிக்க அடிமைகளை இறக்கினார்கள். பெட்டியில் இடம் இல்லாமல் போயிருக்கலாம்.

ஆனால் எங்கள் கவுன்டியில் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 1775இல் கறுப்பின மக்கள் வுஸ்டர் கவுன்டி குழுவுக்கு மனுக் கொடுத்தார்கள். ஜூனில் கவுன்டி மாநாடு, மனிதர்களை அடிமையாக்குவதை வெறுக்கிறோம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தால் யாருக்கும் விடுதலை கிடைக்கவில்லை. ஆறு வருடம் கழித்து, குவாக் வாக்கர் என்ற கறுப்பின இளைஞர், முந்தைய எஜமானர் வாக்குக் கொடுத்தபடி தனக்கு விடுதலை தராமல் அடித்த நத்தானியல் ஜெனிசன் மீது வழக்குப் போட்டார். எங்கே? வுஸ்டர் கவுன்டி நீதிமன்றத்தில்தான். 1781 ஜூனில் ஜூரி அவரைச் சுதந்திர மனிதர் என்று சொல்லி 50 பவுண்டு இழப்பீடும் தரச் சொன்னது. 1783இல் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், மாநிலத்தின் புது அரசமைப்போடு அடிமைமுறை ஒத்துவராது என்று ஜூரியிடம் சொன்னார். 1790 மக்கள்தொகைக் கணக்கில் மாசச்சூசெட்ஸில் அடிமைகள் எண்ணிக்கை பூஜ்யம்.

அந்தப் புது அரசமைப்பு வந்த விதமும் சாதாரணமில்லை. அரசமைப்பை எழுதும் வேலையைச் சட்டமன்றத்திடமே விடக்கூடாது, தன்னைக் கட்டும் கயிற்றைத் தானே திரித்துக்கொண்டால் அது எப்படிக் கட்டும் என்கிற வாதத்தை 1776 அக்டோபரில் கன்கார்ட் ஊர்க்கூட்டம் எழுப்பியது. சட்டமன்றம் கேட்கவில்லை, தானே எழுதி 1778இல் ஊர்களுக்கு அனுப்பியது. உரிமைகள் பட்டியலே இல்லையே என்று ஊர்கள் ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் தள்ளுபடி செய்தன. பிறகு இதற்கென்றே தேர்ந்தெடுத்த மாநாடு கூடி, ஜான் ஆடம்ஸ் முதல் வரைவை எழுதி, 1780இல் மறுபடி ஊர்களுக்கு வந்தது. இந்த ஒரு வாக்குக்குச் சொத்துத் தகுதி கிடையாது. 21 வயதான சுதந்திர ஆண்கள் எல்லோரும் பிரிவு பிரிவாக விவாதித்தார்கள். அந்தச் சாசனம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, ஃபிலடெல்ஃபியாவில் 1787இல் எழுதியதைவிட ஏழு வயது மூத்தது.

1786 செப்டம்பர் 5 அன்று, போர்க்கடனும் வரியும் கழுத்தை நெரித்த விவசாயிகள் அதே வுஸ்டர் நீதிமன்ற வாசலைத் முனையில் கத்தி செருகிய துப்பாக்கிகளோடு மறித்தார்கள். இந்த முறை உள்ளே போக முயன்ற தலைமை நீதிபதி ஆர்ட்டெமஸ் வார்டு, விடுதலைப் போரின் ஜெனரல். மறித்தவர்களைத் தூக்கில் போட வேண்டும் என்றவர் சாமுவேல் ஆடம்ஸ்! மக்களே தேர்ந்தெடுத்த அரசை எதிர்ப்பது வேறு என்பது அவர் வாதம். விவசாயிகளுக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிகிறது.

கடைசியாக ஒரு திருத்தம் மட்டும். 342 பெட்டிகளின் படத்துக்குக் கீழே ‘கடலில் கலந்த இந்தியத் தேயிலை’ என்று போட்டிருக்கிறீர்கள். கம்பெனியின் பெயர்தான் கிழக்கிந்தியா. பெட்டிக்குள் இருந்தது சீனத் தேயிலை, பெரும்பாலும் ‘போகி’ என்ற மலிவான கறுப்பு ரகம், கூடவே கொஞ்சம் பச்சை ரகங்கள். அடுத்த ஞாயிறு இணைப்பில் சரிசெய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
வுஸ்டர் கவுன்டி, மாசச்சூசெட்ஸ்